பிஷப் கை வைக்க 28 வருஷம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் புகையைத் தாண்டிக் கடலோரமாக இறங்கினால் பழவேற்காடு. நம் பக்கத்துக் கிறிஸ்தவ ஐக்கியத்தின் ஆதி அத்தியாயம் அங்கேதான், பீரங்கியோடு தொடங்குகிறது. முதலில் வந்த போர்ச்சுக்கீசியர் மகிமை மாதாவுக்குக் கோயில் கட்டிக் குடியேறினார்கள். பின்னாலேயே வந்தார்கள் டச்சுக்காரர்கள். முன்னவர் கத்தோலிக்கர், பின்னவர் சீர்திருத்தச் சபை. இருவரும் கும்பிட்டது ஒரே இயேசுவை. கண் வைத்ததும் ஒரே துணிமூட்டையின் மேல். 1612இல் சாந்தோம் போர்ச்சுக்கீசியர் வந்து டச்சுப் பண்டகசாலையை நொறுக்கிவிட்டுப் போனார்கள். மறு வருஷமே டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை எழும்பிவிட்டது. பிறனை நேசிக்கச் சொல்லும் வசனம் இரு தரப்பு வேதத்திலும் இருந்தது. வியாபார நேரத்தில் யார் பக்கம் புரட்டுகிறார்கள்?

அப்புறம் இங்கிலீஷ்காரர்கள் காலம். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று வகை வகையாக மிஷன்கள் வந்து இறங்கின. ஒருவர் வலையில் இன்னொருவர் மீன் பிடிக்கக் கூடாதென்று ஊர்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆகவே ஒருவன் மெதடிஸ்ட் ஆனது வேதம் படித்துத் தெளிந்தல்ல. அவன் பிறந்த தாலுகா அப்படி. ஆங்கிலிக்கன் சபை பிரியக் காரணமான ஹென்றி ராஜாவின் கல்யாணச் சிக்கலுக்கும் பொன்னேரியில் நாற்று நடுகிறவனுக்கும் என்ன சம்பந்தம்? இருந்தாலும் அவன் தலையில் அதைக் கட்டினார்கள்.

1919 மே மாதம், கத்திரி வெயிலில், தரங்கம்பாடியில் வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த 33 பேர் கூடினார்கள். பெரும்பாலோர் இந்தியர். முன்னின்றவர் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப். இந்தப் பிரிவினைகள் நாங்கள் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து எங்கள் மேல் சுமத்தியவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நியாயமான பேச்சு. இனி என்ன, சேர வேண்டியதுதானே?

சேர்ந்தார்கள். 28 வருஷம் கழித்து.

நடுவில் நடந்தது எல்லாம் கமிட்டி. தலையாய பிரச்சினை, பிஷப்பின் கை. பிஷப் தலையில் கை வைத்து அபிஷேகம் செய்யாத போதகர், ஐயர்தானா? அவர் கொடுக்கும் நற்கருணை செல்லுமா? மீண்டும் கை வைக்கலாமா என்றால், இத்தனை வருஷம் நான் பரிமாறியது என்ன என்று பிஷப் இல்லாத சபையின் ஐயர் கேட்டார். சுதந்திரப் போராட்டம் ஒரு பக்கம், உலகப் போர் இன்னொரு பக்கம். கமிட்டி மட்டும் அசையாமல் கை பற்றியே பேசியது. குண்டு விழுந்த லண்டனில் இருந்துகொண்டு கவிஞர் டி. எஸ். எலியட் 1943இல் இந்தத் திட்டத்தை எதிர்த்து ஒரு சிறுநூலே போட்டார். தென்னிந்தியாவில் யார் தலையில் யார் கை வைப்பது என்று அவருக்கு அவ்வளவு கவலை! அசரியா பொறுத்துப் பார்த்தார், 1945 ஜனவரி 1 அன்று காலமாகிவிட்டார்.

கடைசியில் 1947 செப்டம்பர் 27, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. நாடு இரண்டான அடுத்த மாதமே சபைகள் ஒன்றாயின. இதைக் கிண்டல் செய்ய எனக்கே மனம் வரவில்லை. ஸ்காட்லாந்துச் சபையிலிருந்து வந்த லெஸ்லி நியூபிகின், அதாவது பிஷப்பே வேண்டாம் என்றிருந்த சபையின் பிள்ளை, 37 வயதில் மதுரைக்கு பிஷப் ஆனார். பின்னர் சென்னைக்கும் அவரே. நந்தியால் ஆங்கிலிக்கர்களில் பலர் மட்டும் முறுக்கிக்கொண்டு வெளியே நின்று, 1975இல்தான் உள்ளே வந்தார்கள். பேச்சுக்குப் பந்தல் போட்ட தரங்கம்பாடியின் லுத்தரன் சபை இன்றுவரை தனிதான்.

வெள்ளைக்காரனை மட்டும் வைது முடித்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. கப்பலில் வராத பிரிவு ஒன்று இங்கே முன்பே இருந்தது. வடக்கன்குளத்தில் ஒரே கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கமாகச் சுவர் வைத்து வழிபட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது இடிந்தது. அது கத்தோலிக்கக் கோயில் என்று மற்றவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டாம். பெண் எடுக்கும்போதும் சபைத் தேர்தலில் ஓட்டு எண்ணும்போதும் எந்தச் சுவர் நிற்கிறது என்று எல்லாச் சபைக்கும் தெரியும். தேர்தல் முடிந்த கையோடு கோர்ட்டுப் படி ஏறுகிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

செப்டம்பர் 27 வந்தால் தென்னிந்தியத் திருச்சபையின் உதய தினம் கொண்டாடுகிறோம். ஐயர்மாரே, கமிட்டி அங்கத்தினரே, இந்த வருஷம் ஆராதனைக்கு முன் உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, யார் எந்தப் பக்கம் படுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். தயவுசெய்து அதற்கு மட்டும் கமிட்டி போடாதீர்கள்.