தூசணத்தின் பூர்வீகம்

இராமாயணத்தில் தூஷணன் என்றொரு அரக்கன் வருவான். இராவணன் வகையறா, கரனின் சேனாதிபதி. பதினாலாயிரம் பேர் படையோடு போயும் இராமனிடம் அடிபட்டுச் செத்தான். தூஷணம் என்றால் கெடுத்தல், மாசுபடுத்தல். பெற்ற பிள்ளைக்கு இப்படியொரு பேர் வைத்தவர்கள் என்ன யோசித்தார்களோ!

எங்கள் பளைப் பக்கத்துக்கு, சாமியைப் பழிக்கும் தூஷணம் என்ற சரக்கு கப்பலில் வந்தது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த கையோடு வந்து சேர்ந்த பிலிப்பஸ் பால்டேயஸ் பாதிரியார், புலோப்பளை, முகமாலை என்று பச்சிலைப்பள்ளித் தேவாலயங்களையும் சேர்த்து மேய்த்தார். சைவரைக் கண்டாலும் ஆகாது, கத்தோலிக்கரைக் கண்டாலும் ஆகாது. ஊர் திரும்பி 1672இல் தடித்த புத்தகம் ஒன்று போட்டார். அதில் ஒரு பாகம் முழுக்க எங்கள் சாமிகளுக்கு ஏச்சு. அந்த ஏச்சாவது சொந்தச் சரக்கா? அதுவும் இல்லை. மலையாளக் கரையில் இருந்த ஃபெனிசியோ என்ற இயேசு சபைப் பாதிரியாரின் கையெழுத்துப் படியிலிருந்து பெரும்பகுதியை உருவியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டில்தான் ஆள் பிடிபட்டார். கத்தோலிக்கரை ஏசிக்கொண்டே அவர்களின் ஏச்சைக் களவெடுத்த மனுசன்! பளையில் தேங்காய்க் கள்ளனுக்கும் இதைவிடக் கொஞ்சம் வெட்கம் இருக்கும்.

இதற்கெல்லாம் வட்டியோடு கணக்குத் தீர்த்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாருக்குப் பக்கத்தில் இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவியவர். சம்பளம் கொடுத்து எதிரிக்குத் தங்கள் வேதத்தை வரிவரியாகப் படிப்பித்துவிட்டோம் என்று மிஷன்காரருக்குப் பிறகுதான் உறைத்திருக்கும். 1854இல் வந்தது நாவலரின் ‘சைவ தூஷண பரிகாரம்’. தூபமா, விளக்கா, படையலா, தீட்டா? எதை மூடத்தனம் என்று பாதிரிமார் சிரித்தார்களோ, அதெல்லாம் எருசலேம் ஆலயத்திலும் நடந்ததுதான் என்று அவர்கள் வேதத்திலிருந்தே எடுத்து முகத்துக்கு நேரே நீட்டினார். அதாவது, பாதிரிமார் செய்தால் அது தூஷணம், நாவலர் திருப்பிக் கொடுத்தால் அது பரிகாரம். எனக்கென்னவோ இரண்டு பக்கத்திலும் சூடு ஒன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் நாவலரின் ஏச்சில் இலக்கணப் பிழை இராது.

அந்தக் காலத்தில் தூஷணம் மரியாதையான சொல். சாமியைப் பழிப்பதற்கே அந்தப் பேர். விவிலியத் தமிழில் இன்றைக்கும் தேவதூஷணம் என்றுதான் இருக்கிறது. எங்கள் சனம் அதைக் கோயிலடியிலிருந்து இறக்கிச் சந்திக்குக் கொண்டுவந்து, நடுவில் இருந்த வடமொழி எழுத்தையும் கழற்றிவிட்டது. இப்போது தூசணம் என்றால் தாய், சகோதரி, உடம்பு உறுப்பு ஆகிய மூன்றுக்குள் அடங்கிய கெட்ட வார்த்தை மட்டும்தான். சாமியை யாரும் அதில் இழுப்பதில்லை. சாமிக்கு அந்த மட்டில் லாபம்.

ஆகவே, பளையில் நாவலரின் அந்த நூலைத் தேடுகிறவர்கள் பெரிசுகளுக்கு முன்னால் தலைப்பைச் சத்தமாகச் சொல்லாதீர்கள். ஆசிரியர் பேரைச் சொல்லிக் கேளுங்கள்.