மரத்துக்கு வழிவிட்ட வீதிகள்

கேள்வி: விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் புறநகர்களுள் ஒன்றை மட்டும் பார்க்க அவகாசம் உண்டென்றால், எங்கே போகச் சொல்வீர்கள்?

பதில்: சந்தேகமே வேண்டாம், பெட்போர்டு பார்க்குக்குப் போங்கள். ஜொனாதன் கார் என்பவர் 1875-ல் டர்ன்ஹாம் கிரீன் ரயில் நிலையத்துக்கு அருகே வீடுகள் கட்டத் தொடங்கியபோது, மரங்களை வெட்டி எறிந்துவிட்டு நூல் பிடித்தாற்போல் வீதி போடாமல், முன்பே அங்கே நின்ற விருட்சங்களுக்கு மரியாதை செய்து வீதிகளை வளைத்துக்கொண்டார். மரம் வீட்டுக்காரர், மனிதர் குடக்கூலிக்காரர் என்ற இந்த ஏற்பாடு எனக்குப் பரம திருப்தி.

முதல் வீடுகளை வரைந்தவர் காட்வின். ஆனால் அந்த இடத்துக்கு ஜீவகளை தந்தவர் அவருக்குப்பின் வந்த நார்மன் ஷா. செங்கல் சுவரும் வெள்ளைச் சாளரமும் ஓடு வேய்ந்த முகப்புமாய் எழுந்த அவ்வீடுகளில், வேலைக்காரர்களையும் சமையலையும் நிலவறைக்குள் தள்ளும் அக்கால வழக்கத்தை விலக்கி, சமையலறையைத் தரைமட்டத்துக்கே கொண்டுவந்தது, சௌந்தரியத்தைக் காட்டிலும் பெரிய காரியம் என்பேன்.

ஆன்ம தாகத்துக்குப் புனித மைக்கேல் ஆலயம், நாவின் தாகத்துக்கு அதன் எதிரே டபார்டு விடுதி; இரண்டும் ஷாவின் கைவண்ணமே, இரண்டும் 1880-ல் திறக்கப்பட்டவையே. கவி ஏட்ஸ் ஏரித்தீவுக்கு ஏங்கி 'இன்னிஸ்ஃப்ரீ' பாடியதும் இப்புறநகரில் குடியிருந்தபோதுதான்.

பிற்காலத்தில் இடிப்பவர் கை ஓங்கவே, குடியிருப்போர் 1963-ல் சங்கம் அமைத்துப் போராடினர். 1967-ல் 356 வீடுகள் ஒருசேரச் சட்டப் பாதுகாப்புப் பெற்றன.