திருப்பருத்திக்குன்றத்தில் மோட்டார் கொதித்தமை: ஓர் ஆராய்ச்சி

மோட்டார் வண்டியின் எஞ்சின் கொதித்ததற்குக் காரணம் இன்னதென்று துணிவதற்கு முன்பு, கொதித்தல் என்பது யாது, கொதித்தது எது, கொதித்ததைக் கண்டவர் யாவர், அவர் கண்டது கொதிப்பையா அன்றிக் கொதித்ததாகத் தாம் எண்ணிய ஒன்றையா என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கண்டாக வேண்டுமென்பது வித்துவான்களின் சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயத்தை அணுவளவும் பிறழாமல் அனுஷ்டித்ததனால்தான், காஞ்சியில் நடந்த ஓர் ஆராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளன்று, கத்திரி வெயில் உச்சியில் நின்ற வேளையில், நானும் என் வண்டியில் வந்த கல்வெட்டு வித்துவான் ஒருவரும் சொல்லாராய்ச்சி வித்துவான் ஒருவரும் திருப்பருத்திக்குன்றத்துச் சாலையோரத்தில் இரண்டரை மணி நேரம் நிற்க நேர்ந்தது.

முதலில் ஸ்தல விசாரம். காஞ்சியின் ஒரு பகுதியாய், ஜின காஞ்சி என்று பேர்பெற்று, வேகவதிக் கரையில் அமைந்த இவ்வூரில் திரைலோக்கியநாதர் கோயிலும் சந்திரப்பிரபர் கோயிலும் இருக்கின்றன. முன்னதன் சங்கீத மண்டபத்தை விஜயநகர வேந்தர் இரண்டாம் ஹரிஹரரின் அமைச்சர் இருகப்பர், தம் குரு புஷ்பசேனரின் ஆணைப்படி 1387-இல் கட்டுவித்தார். மண்டபத்து விதானத்திலே ரிஷபதேவர், வர்த்தமானர் ஆகியோரின் சரித்திரம் சித்திரமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. அறுநூறு ஆண்டுகளுக்கு முந்திய மண்டபத்தின் காலத்தை இவ்வளவு திட்டமாகச் சொல்ல முடிகிற நமக்கு, என் வண்டியின் ரேடியேட்டருக்குக் கடைசியாகத் தண்ணீர் ஊற்றிய நாள் தெரியவில்லை. காரணம், அதைக் குறித்து யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. 1934-இல் டி. என். இராமச்சந்திரன் இக்கோயில்களைப் பற்றிச் சென்னை அரசாங்க அருங்காட்சியக வெளியீடாக ஒரு பெருநூல் எழுதினார். அதில் எஞ்சின் கொதிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதை முதன்முதலில் கண்டறிந்து வெளியிடும் பெருமை இந்தக் கட்டுரைக்கே உரியது.

ஊர்ப்பெயரைப் பற்றியும் ஒரு விவாதம் எழுந்தது. பருத்தியும் குன்றமும் சேர்ந்தது பருத்திக்குன்றம் என்று பாமரர் எவரும் சொல்லிவிடலாம். ஆனால் பட்டு நெய்கிற சீமையில் பருத்தி எங்கே, சமதரையில் குன்று எங்கே என்று சொல்லாராய்ச்சியார் கேட்ட கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. அப்போது பானட்டின் இடுக்கிலிருந்து ஆவி புறப்பட்டுக்கொண்டிருந்தது.

இனி, காரணங்கள். அவை பலவகைப்படும்.

தண்ணீர் குறைவு: இது எல்லோருக்கும் தெரிந்ததாகையால் ஆராய்ச்சிக்கு உரியதன்று.

ஃபேன் பெல்ட் தளர்ச்சி: விரலால் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆகையால் இதுவும் அன்று.

ஹெட் கேஸ்கட் சிதைவு: இது சற்று கௌரவமான காரணம். சிலிண்டரின் வாயு தண்ணீர்க்குழிக்குள் புகுந்து ரேடியேட்டரில் குமிழி விடும். எண்ணெய் மூடியின் அடியில் மோரும் காபியும் கலந்தாற்போல ஒரு வஸ்து படியும். புகைக்குழலில் வெண்புகை வரும். எண்ணெய் மூடியை நான் திறந்து பார்த்தேன். வஸ்து இல்லை. "காணாமை இன்மைக்குப் பிரமாணம் ஆகாது" என்றார் கல்வெட்டார். தமக்கு வேண்டிய கல்வெட்டுக் கிடைக்காத இடங்களில் எல்லாம் அவர் இதையே சொல்லுவார்.

ரேடியேட்டர் மூடி தளர்ச்சி: நல்ல மூடி சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 ராத்தல் அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால், நூறு டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் ஏறக்குறைய நூற்றிருபது வரை பொறுத்திருக்கும். அதனாலேயே சூடு தணியுமுன் மூடியைத் திறப்பவன் முகம் வெந்துபோகிறான். இந்த ஒன்றில் மட்டும் மூவரும் ஒருமித்துத் தூர நின்றோம்.

நிற்க, வண்டியின் கைப்புத்தகத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்வது முறையன்று. என் வசமுள்ள பிரதியில், கொதிப்பைப் பற்றிய அத்தியாயத்தின் பெரும்பகுதியைக் கரையான் உண்டுவிட்டது. எஞ்சிய ஏட்டின் ஓரத்தில் பென்சிலால் "து. பருப்பு 2, ந. எண்ணெய் 1, புளி பழசு" என்று எழுதியிருந்தது. இது என் மனைவியின் மளிகைக் கணக்கு என்று நான் சொன்னதைச் சொல்லாராய்ச்சியார் ஏற்கவில்லை. எண்ணெய் என்றது எஞ்சின் எண்ணெயை. புளி என்றது அமிலத்தை, அதாவது ரேடியேட்டருக்குள் படிந்த உப்புக்காறையைக் கரைப்பதற்கானதை. பழசு என்றது பழைய உரையாசிரியர் கொள்கையை. பருப்பு மாத்திரம் இடைச்செருகல் என்று அவர் நிறுவினார். உப்புத் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரில் காறை படிவதும், காறை படிந்தால் குழாய்கள் அடைபடுவதும் மெய்யே. ஆனால் அந்த மாதம் எங்கள் வீட்டில் பருப்பு இரண்டு கிலோ வாங்கினோம் என்பதும் மெய்யே.

இவ்வளவும் பூர்வபட்சம். சித்தாந்தம் எங்கள் காலடியிலேயே மணலாகக் கிடந்தது. வேகவதி என்ற பெயருக்கு விரைந்து செல்பவள் என்று பொருள். அன்று அவளிடம் ஒரு செம்பு நீருக்கும் வழியில்லை. புராணமோ வேறு சொல்லுகிறது. பிரமதேவர் காஞ்சியில் சரஸ்வதியை விட்டுவிட்டு யாகம் தொடங்க, சினங்கொண்ட தேவி வேகவதியாய்ப் பெருகி வந்தாள். வெள்ளம் யாகசாலையை அடையாதபடி திருமால் குறுக்கே அணையாகச் சயனித்தார். திருவெஃகாவில் இன்றும் அக்கோலத்தில் சேவை சாதிக்கிறார். இங்கே, ஓரிடத்தில் தீ எரிகிறது. அதை நோக்கி நீர் ஓடிவருகிறது. நீர் நடுவழியில் தடைப்படுகிறது. இதனினும் தெளிவாக எஞ்சின் கொதிப்பை யார் வருணிக்க முடியும்? யாககுண்டமே சிலிண்டர், வேகவதியே ரேடியேட்டர் நீர், குறுக்கே கிடந்தது அடைப்பு என்று நான் முடித்தபோது, உச்சி வெயிலிலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கல்வெட்டார் மறுத்தார். யாகம் அணையாமல் காக்கப்பட்டதாகையால், தடை அங்கே தோஷமன்று, குணம். ஆதலால் அது அடைப்பாகாது, தெர்மோஸ்டாட்டே ஆகும் என்றார். எஞ்சின் தக்க சூட்டை, ஏறத்தாழ எண்பத்திரண்டு டிகிரியை, எட்டும் வரையில் நீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து நிறுத்துவதும், எட்டியபின் வழிவிடுவதும் அல்லவோ தெர்மோஸ்டாட்டின் தொழில்? அது திறக்க மறுத்து ஒட்டிக்கொண்டால் மேல் ஹோஸ் சுட, கீழ் ஹோஸ் குளிர்ந்திருக்கும். அடைப்பா, தெர்மோஸ்டாட்டா என்று முக்கால் மணி நேரம் வாதம் நடந்தது. ஹோஸைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது மூவருக்கும் தெரியும், ஒருவரும் தொடவில்லை. பழங்காலத்திலேயே நம்மிடம் ஆகாய விமானம் இருந்தது என்று நிறுவிய பெரியோர் பலர் உளர். பழுது பார்க்கும் பட்டறை இருந்ததாக அவர்களில் ஒருவரும் இதுவரை நிறுவவில்லை என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

அந்தச் சமயத்தில் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர், வயது அறுபதுக்கு மேலிருக்கும், சைக்கிளை நிறுத்தி இறங்கினார். "என்ன சார், வண்டி ஹீட் ஆயிடுச்சா?" என்றார். காரணம் ஆராயப்படுகிறது என்று தெரிவித்தோம். அவர் தோள் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு மேல் ஹோஸைத் தொட்டார், கீழ் ஹோஸைத் தொட்டார்.

"ரெண்டும் சுடுது. தண்ணி நல்லாத்தான் ஓடுது. ஆறத்தான் மாட்டேங்குது" என்றவர், வண்டியின் முன்பக்கம் போய்ச் சிரித்தார். "ஏன் சார், மூஞ்சியில போர்வையைப் போட்டு மூடிக்கிட்டு ஓடுனா உங்களுக்கு மூச்சு முட்டாதா? தறியில அச்சுப் பல்லுல பிசிறு அடைச்சாலே இழை ஓடாது. நீங்க முழுத் துணியையே கட்டி வச்சிருக்கீங்களே!"

ரேடியேட்டருக்குக் காற்றுப் புகும் கிரில்லை முழுதும் மறைத்து, எங்கள் ஆராய்ச்சி மாநாட்டின் பேனர் கட்டப்பட்டிருந்தது. காலையில் கட்டியவன் நான்தான். காற்றில் ஆடாதபடி நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டியிருந்தேன். பெரியவர் முடிச்சுகளை அவிழ்த்தார். அரைமணி நேரம் ஆறவிட்டு, ஈரத்துணியைப் போட்டு மூடியைத் திறந்தார். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் இரும்பு வெடிக்கும் என்று சொல்லி, எஞ்சினை ஓடவிட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து கொணர்ந்த தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றினார். கோயில் வாசல் வரை சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது.

பேனரை நான் மடித்து வைத்திருக்கிறேன். அது பட்டன்று, சுத்தப் பருத்தித் துணி. ஆகவே ஊர்ப்பெயரின் முற்பாதிக்குச் சான்று கிடைத்துவிட்டது. குன்று இருக்குமிடம் அறிந்த அன்பர்கள் தயைகூர்ந்து எனக்கு எழுதுவார்களாக.