பாலைக் கூடத்தியல்: மூலமும் உரையும்

*கிடந்தன வந்தன ஒளிந்தன வாடுவன
அடங்கா தனவென ஐவகைப் படுமே
பாலைக் கூடத்துப் பண்டம் எல்லாம்.*

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், பாலைநிலத்துக் கலைக்கூடங்களில் இருக்கும் பொருள்களை வகைசெய்து உணர்த்துதல் நுதலிற்று. கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ், ஜோஷுவா ட்ரீ, டெக்சஸின் மார்ஃபா, உஸ்பெகிஸ்தானின் நூக்குஸ் ஆகிய நான்கு ஊர்களே இவ்வியலுக்கு எல்லை. அபுதாபி பாலையில் இல்லையோ எனின், இருக்கிறது, ஏ.சி. ஓரளவுக்கு மேல் ஓடினால் அந்நிலம் பாலை என்ற பெயரை இழக்கும் என்பது எம் துணிபு.

கலை வரலாற்றுப் பேராசிரியர்கள் இப்பொருள்களை நவீனத்துவம், மினிமலிசம், அசெம்ப்ளாஜ் என்று பிரிப்பார்கள். நகரத்துக்கு அது சரி. நியூயார்க்கில் ஓர் ஓவியத்தைப் பார்த்து 'இது ஏன் இங்கே இருக்கிறது?' என்று யாரும் கேட்பதில்லை. பாலையில் வண்டியை விட்டு இறங்கியவுடன் எழும் முதல் கேள்வியே அதுதான். ஆகவே யாம் வந்த காரணம் பற்றியும், வந்தபின் பட்ட பாடு பற்றியும் பகுத்தாம்.

நிலம் பற்றி ஒரு வார்த்தை. மற்ற நான்கு திணைக்கும் நிலம் வகுத்த தொல்காப்பியர் பாலைக்கு ஒதுக்காமல் விட்டார். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் வழிகாட்ட, உரைகாரர்கள் பிழைத்தார்கள். அமெரிக்காவில் சிக்கல் தலைகீழ். நிலம் வேண்டிய மட்டும் கிடக்கிறது. கருப்பொருள்தான் வெளியூரிலிருந்து லாரியில் வரவேண்டும். உரிப்பொருள் மட்டும் மாறவில்லை, அங்கும் பிரிவுதான். அது மூவகைப்படும்: உடையவர் இறக்கப் பொருள் பிரிதல், உடையவர் இருக்கும்போதே வரிக்கழிவின் பொருட்டுப் பிரிதல், கூடமே ஏலத்தில் விட்டுப் பிரிதல். மூன்றாவதற்குக் காட்டு, ஹெலன் ஃப்ராங்கன்தாலர் வரைந்த பெரிய ஓவியம் ஒன்றை பாம் ஸ்பிரிங்ஸ் கூடம் 2020இல் விற்றது. மற்ற இரண்டுக்கும் காட்டு தேட வேண்டியதில்லை. எந்தச் சுவரிலும் ஓவியத்துக்குக் கீழே உள்ள அட்டையின் கடைசி வரியைப் படித்தால் போதும்.

இனி, கிடந்தன என்பது அந்நிலத்திலேயே பிறந்தவை. பட்டியலில் இது முதலில் நிற்பதைக் கண்டு கூடத்திலும் முதலிடம் இதற்கே என்று கொள்ளற்க. பாம் ஸ்பிரிங்ஸ் கூடம் 1938இல் 'டெசர்ட் மியூசியம்' என்ற பெயரில் தொடங்கியது. அன்று அதன் சரக்கு இரண்டு: அப்பள்ளத்தாக்கின் இயற்கை வரலாறு, அங்கே வாழும் கவீயா மக்களின் பொருள்கள். அதாவது ஓணானும் கூடையும் ஒரே கூரையின் கீழ். இந்த நூற்றாண்டு பிறந்த பிறகே பெயரில் 'ஆர்ட்' நுழைந்தது, ஓணான் வெளியேறியது.

கவீயாக் கூடையைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உயரமாக வளரும் ஒருவகைப் புல்லின் தண்டுகளைக் கற்றையாக்கி, அடியிலிருந்து சுருள் சுருளாக மேலே ஏற்றி, ஒவ்வொரு சுற்றையும் கீழ்ச்சுற்றோடு சேர்த்து ஜங்கஸ் கோரையால் கட்டுகிறார்கள். ஊசியால் துளை, துளையில் கோரை, மறுபடி துளை. அந்தக் கோரைத் தண்டு அடியில் செங்காவியாகவும் மேலே போகப் போக வெளிர் மஞ்சளாகவும் இருக்கும். முடைகிறவர் சாயம் தொடாமல், தண்டின் எந்தத் துண்டு எங்கே வரவேண்டும் என்று பார்த்து வைத்தே கூடையின் வயிற்றில் ஒரு பாம்பை நெளிய விட்டுவிடுவார். கறுப்பு வேண்டும்போது மட்டும் சாயம். இத்தனை நிறக் கணக்குப் போட்டவருக்கு ஓவியர் என்ற பட்டம் கிடைக்கவில்லை. பழைய அருங்காட்சியக அட்டைகளில் இனத்தின் பெயர் இருக்கும், பொருளின் பெயர் இருக்கும், முடைந்த பெண்ணின் பெயர் பெரும்பாலும் இருக்காது.

இக்குறையை ஒருவர் தகர டப்பாவைக் கொண்டு சுட்டிக்காட்டினார். ஜெரால்டு கிளார்க் கவீயா இனத்தவர், மாடு வளர்ப்பவர், பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துபவர். பீர், சோடா டப்பாக்களை நசுக்கி, அவற்றின் நிறம் பார்த்து வட்டம் வட்டமாக அடுக்கிக் கூடைக்கோலம் செய்தார். கோரைத் தண்டின் நிறத்தைப் பொறுக்கிய அதே கண், இங்கே கம்பெனிச் சாயத்தைப் பொறுக்குகிறது. பாம் ஸ்பிரிங்ஸ் கூடம் 2020இல் இவருக்குத் தனிக் காட்சி வைத்தது. கூடம் தொடங்கி எண்பத்திரண்டாம் ஆண்டு. சிறிது தாமதம்தான், ஆனால் இந்தக் கூடங்களில் யாம் கண்ட சமகாலப் பொருள்களுள் காரணம் கேட்கத் தேவையில்லாமல் அங்கே இருப்பது இது ஒன்றே.

வந்தன எனவே, வந்தோரும் கொள்ளப்படும். இதற்கு ஒரு கிளைச் சூத்திரம் உண்டு:

*நோயே வாடகை சினமென மூன்றும்
ஏதிலர் வரவுக் கேது வாகும்.*

நோய் என்றது காசநோயை. ஹெர்ஸ்ட் பத்திரிகைகளில் கேலிச்சித்திரம் போட்டுக்கொண்டிருந்த ஜிம்மி ஸ்வினர்ட்டனுக்குக் காசம் கண்டது. பிழைக்கமாட்டார் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலைக்கு அனுப்பிவைத்தார்கள். அவர் பாலையை வரைந்துகொண்டே 1974 வரை இருந்தார், வயது 98. அந்தக் காலத்துப் பாலை ஓவியங்களில் ஆகாயம் அத்தனை தெளிவாக இருப்பதற்கு, வரைந்தவர்கள் அதை மருந்தாக உட்கொண்டதும் ஒரு காரணம் என்பாரும் உளர்.

வாடகைக்குக் காட்டு ஆக்னஸ் பெல்டன். நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஒரு பழைய காற்றாலைக்குள் குடியிருந்தவர். அது கைமாறியதும் 1932இல் பாம் ஸ்பிரிங்ஸை ஒட்டிய கதீட்ரல் சிட்டிக்கு வந்தார். சுற்றுலாக்காரர்களுக்கு மலையும் புகைமரமும் வரைந்து விற்று அரிசி பருப்பு வாங்கினார். தமக்கென்று, இருட்டில் மிதக்கும் ஒளி உருண்டைகளை வரைந்து வைத்துக்கொண்டார். 1961இல் இறந்தார். விற்றவை பலர் வீட்டு வரவேற்பறைக்குப் போயின. விலைபோகாத ஒளி உருண்டைகள் 2020இல் நியூயார்க்கின் விட்னி கூடம்வரை போய், 2021இல் அவர் வாழ்ந்த பள்ளத்தாக்குக்கே விருந்தாளியாகத் திரும்பி வந்தன.

வந்தவற்றுள் வீடும் அடங்கும். சுவிட்சர்லாந்தில் பிறந்து பாரிசில் லெ கொர்பூசியேவிடம் வேலை பார்த்த கட்டடக்கலைஞர் ஆல்பர்ட் ஃப்ரை, 1964இல் பாம் ஸ்பிரிங்ஸ் மலைச்சரிவில் தமக்கொரு சிறு வீடு கட்டினார். குறுக்கே நின்ற பாறையை உடைக்காமல், கண்ணாடிச் சுவரைப் பாறையின் வளைவுக்கு ஏற்ப வெட்டினார். பாறை பாதி வெளியே வெயிலில், பாதி உள்ளே கட்டிலுக்கருகே. 1998இல் அவர் மறைய, வீடு கூடத்துக்கு வந்தது. மேலே சொன்ன முதல்வகைப் பிரிவு. இவரே கோச்சர் என்ற கட்டடக்கலைஞருடன் சேர்ந்து 1931இல் நியூயார்க் கண்காட்சிக்காகச் செய்த அலுமினியர் என்ற உலோக வீட்டின் கதை இன்னும் நீளம். அதைக் கழற்றினார்கள், மாட்டினார்கள், லாங் ஐலண்டில் இடிபடப் பார்த்தது, மீண்டும் கழற்றினார்கள். கடைசியில் 2017இல் நாட்டைக் குறுக்கே கடந்து வந்து, 2024இல் பாம் ஸ்பிரிங்ஸ் கூடத்தின் வளாகத்தில் திறக்கப்பட்டது. படைத்தவன் முன்னே போக வீடு பின்னே வந்த கதை.

சினம் என்றது கலைஞர் டொனால்ட் ஜட்டின் சினத்தை. கூடங்கள் படைப்பை மோசமாக வைக்கின்றன, சில மாதத்தில் எடுத்து வேறிடம் அனுப்புகின்றன, அனுப்பும்போது கீறுகின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. 1971இல் மார்ஃபாவுக்கு வந்தார். அங்கே கைவிடப்பட்ட ராணுவ முகாமில் 1986இல் அவருடைய சினாட்டி என்ற கலை நிறுவனம் திறந்தது. அங்கே பீரங்கி நின்ற இரண்டு கொட்டகைகளில் அவருடைய நூறு அலுமினியப் பெட்டிகள். நூறும் வெளியளவில் ஒன்றே: 41 அங்குலம், 51 அங்குலம், 72 அங்குலம். உட்பிரிப்பு மட்டும் நூறு விதம். ஒன்றில் குறுக்குத் தகடு, ஒன்றில் சாய்வு, ஒன்று இருபுறமும் திறப்பு. கொட்டகையின் பக்கக் கதவுகளை எடுத்துவிட்டு முழுக்கக் கண்ணாடி போட்டார். சூரியன் நகர நகர ஒரு பெட்டி கண்ணாடியாகிறது, அடுத்தது சாம்பலாகிறது, சில வேளை ஒரு தகடு இருக்கிறதா இல்லையா என்பதே தெரிவதில்லை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் கைதிகளை அடைத்த இடமாதலால் சுவரில் ஜெர்மன் மொழியில் எழுதிய எச்சரிக்கைகள் இன்றும் இருக்கின்றன. அவற்றை அழிக்க வேண்டாம் என்று ஜட்டு விட்டுவிட்டார். சினத்தால் பிறந்தவற்றுள் இத்தனை அமைதியான பொருளை யாம் வேறெங்கும் காணோம்.

ஒளிந்தன: இவ்வகை நூக்குஸுக்கே உரியது. இகோர் சாவிட்ஸ்கி 1950இல் தொல்லியல் குழுவுக்குப் படம் வரைபவராக அப்பகுதிக்கு வந்தார். முதலில் அங்கு வாழும் கரகல்பாக் மக்களின் நகை, துணி, கம்பளம் சேர்த்தார்; 1966இல் கூடம் திறந்தது. பிறகு மாஸ்கோவிலும் தாஷ்கண்டிலும் ஓவியர்களின் விதவைகள் பரணில் போட்டு வைத்திருந்த, அரசு விரும்பாத ஓவியங்களைக் கடன் சொல்லி வாங்கி ரயிலேற்றினார். ஆயிரக்கணக்கில். மாஸ்கோ 2,000 கி.மீ.க்கு மேல்; ஊரோ வெளிநாட்டார் நுழைய முடியாத ஊர். தணிக்கையாளர்களில் யாருக்கும் அங்கே வெயிலில் வர மனமில்லை.

வந்தாலும் அவரிடம் வகைப்பாட்டியல் இருந்தது. நதேஷ்தா பரவாயா என்ற ஓவியர் சோவியத் சிறைமுகாமில் இருந்துகொண்டு வரைந்த படங்களை அதிகாரிகளிடம் காட்டும்போது, இவை நாஜி முகாமின் காட்சிகள் என்று சாவிட்ஸ்கி சொன்னாராம். அதிகாரிகள் உச்சுக்கொட்டிப் பார்த்துவிட்டுப் போனார்களாம். தவறான தலைப்பில் சேர்ப்பதை நூலகர்கள் குற்றம் என்பர். இங்கே அது காப்பு. வெண்கலப் பொருள்களைச் சுத்தம் செய்யப் பயன்படுத்திய ஃபார்மலின் அவர் நுரையீரலைத் தின்றது என்பார்கள், 1984இல் இறந்தார். ஸ்வினர்ட்டனுக்குப் பாலை நுரையீரலைக் கொடுத்தது. இவரிடம் வாங்கிக்கொண்டது.

வாடுவன என்பது வெயிலில் விடப்பட்டவை. நோவா ப்யூரிஃபாய் 1917இல் அலபாமாவில் பிறந்த கறுப்பினத்தவர். தச்சு அறிந்தவர், சமூகப் பணியாளர். 1965இல் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதி எரிந்தபோது, கருகிய மரத்தையும் உருகிய நியான் விளக்கையும் பொறுக்கி நண்பர்களுடன் கண்காட்சி வைத்தார். 1989இல், எழுபது கடந்த வயதில், நகரத்து வாடகை கட்டுப்படியாகாமல் ஜோஷுவா ட்ரீக்கு வந்தார். ஒருவரே வாடகையிலும் வாடலிலும் வருவது வழுவன்றோ எனின், வழுவே, வழுவமைதியாகக் கொள்க.

2004இல் இறக்கும்வரை அங்கே பத்து ஏக்கர் மணலில் கழிப்பறைக் கோப்பை, சைக்கிள், டயர், தொலைக்காட்சிப் பெட்டி, உணவு விடுதித் தட்டு எல்லாவற்றையும் நட்டு நிறுத்தினார். ஒரு படைப்பில் இரண்டு பலகைகள். 'வெள்ளையர்' என்ற பலகையின் கீழ் குடிநீர்க் குழாய். 'கறுப்பர்' என்ற பலகையின் கீழ் கழிப்பறைக் கோப்பை. விளக்க அட்டை தேவைப்படாத பொருள். ஒட்டுப்பலகை உரிகிறது, துணி கந்தலாகிறது, தகரம் துருவேறுகிறது. அதையும் வேலையின் பங்காகவே அவர் கருதினார். ஜட்டுக்கு வெயில் கண்ணாடிக்கு வெளியே நின்று வேலை செய்யும் பணியாள். ப்யூரிஃபாய்க்கு அது கூட்டாளி. இருவரில் யார் பாலையை அறிந்தவர் என்று கேட்டால், எம் வாக்கு ப்யூரிஃபாய்க்கு.

எஞ்சியது அடங்காதன. இதில் வைக்கத்தக்கது பாம் ஸ்பிரிங்ஸ் கூடத்தின் எதிரே 2021இல் நிறுத்திய 26 அடி மர்லின் மன்றோ. சிலை கூடத்துக்கு முதுகு காட்டி நின்றது, பாவாடை பறந்த நிலையில். படம் பார்த்துவிட்டு வெளியே வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதல் தரிசனம் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. வழக்கு நடந்தது. இது கலையா, சுற்றுலாத் துறையின் விளம்பரமா என்பதில் ஆசிரியர்களிடையே ஒற்றுமை இல்லை.

மற்றொன்று, மார்ஃபாவின் பெயரைத் தாங்கி வாலன்டைன் என்ற குக்கிராமத்தின் அருகே நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் 'ப்ராடா மார்ஃபா'. எல்ம்கிரீன், டிராக்செட் என்ற இருவர் 2005இல் கட்டிய சொகுசுக் கடை. உள்ளே உண்மையான பையும் செருப்பும், கதவு மட்டும் திறக்காது. டெக்சஸ் போக்குவரத்துத் துறை இது அனுமதியில்லாத விளம்பரம் என்றது. பிறகு 2014இல் தன் வகைப்பாட்டைத் திருத்திக்கொண்டது: இது ஓர் அருங்காட்சியகம், அதன் ஒரே காட்சிப்பொருள் அந்தக் கட்டடம். நூறு பக்கம் எழுதும் பேராசிரியர்களுக்கு வராத துணிவு சாலைத் துறைக்கு வந்தது; ஆறாவது வகை ஒன்று வேண்டுமென்றால் அவர்களிடமே கேட்டுக்கொள்க. திறந்த சில நாளிலேயே அக்கடையை உடைத்துத் திருடியவர்களும் உண்டு. அவ்வழியே போக நினைப்போர் அறிக: அங்குள்ள செருப்பெல்லாம் வலக்காலுக்கு மட்டும்.