ட்ராக்டரும் கையொப்பமும்

கேள்வி: இ-சேவை மையத்தில் வாங்கிய சான்றிதழில் பேனாக் கையெழுத்தைக் காணோம். ‘டிஜிட்டல் கையொப்பம்’ என்கிறார்கள். நாளை அதன் பின்னால் இருக்கும் கணிதக் கணக்கை எவனாவது உடைத்துவிட்டால்?
- வாசகர், தா.பழூர்

பதில்: உங்கள் ஊர் ட்ராக்டரைப் பாருங்கள். கலப்பையைக் கழற்றி ரொட்டவேட்டர் மாட்டுகிறார்கள், எஞ்சின் அதேதான். 2021இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 மென்பொருள் நூலகமும் அப்படித்தான். ‘கையொப்பமிடு’ என்று கேட்பது செயலி. அதற்கான கணக்கைப் போடுவது மாட்டியிருக்கும் ‘புரொவைடர்’ பாடு. குவாண்டம் கணினிக்கும் அசையாதபடி வடிவமைத்து, 2024இல் அமெரிக்கத் தர அமைப்பான நிஸ்ட் தரப்படுத்திய எம்எல்-டிஎஸ்ஏ என்ற கையொப்பக் கணக்கு, 2025 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.5 பதிப்பில் ஏறிவிட்டது. ஒன்று மட்டும் கவனம்: புதியதை மாட்டும்போது பழைய கையொப்பக் கணக்கான ஆர்எஸ்ஏவைத் தூக்கியெறிய முடியாது. ஆர்எஸ்ஏவில் கையொப்பமிட்ட சான்றிதழை அதைக்கொண்டுதான் சரிபார்க்க முடியும்!