சீலிங் ஒழுகலுக்கு இரண்டு வைத்தியம்

கும்பகோணத்தில் சீலிங் ஒழுகலுக்கு இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று, கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் வீட்டுக்காரர் வைத்தியம். மற்றொன்று, மேலே ஏறிப் பார்க்கும் கொத்தனார் வைத்தியம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் இரு வைத்தியர்களும் ஒரே கறையின் அடியில் சந்திப்பார்கள்.

வீட்டுக்காரர்: தீபாவளிக்குத் தீபாவளி பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கிறோம். அப்புறமும் கறை வருதுன்னா பெயிண்ட்ல கலப்படம், கொத்தனாரே.

கொத்தனார்: மழை பெயிண்ட் மேலயா சார் பெய்யுது? முதல்ல ஃபேன் லைனை மெயின்ல அணைங்க. உப்பின பூச்சுக்கு அடியில கட்டில் வேண்டாம்.

வீட்டுக்காரர்: எங்கேருந்து ஒழுகுதுன்னு பார்க்க மெஷின் வேணுமாமே?

கொத்தனார்: கண்ணு போதும். மழைக்கு மட்டும் கறை வளர்ந்தா மொட்டைமாடி. கோடையிலும் ஈரம்னா மாடி பாத்ரூம், இல்லேன்னா டேங்க் பைப்.

மொட்டைமாடியில் காரணங்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன: வேப்பஞ்சருகு அடைத்த மழைநீர்க் குழாய், தட்டோட்டு இடுக்கில் உதிர்ந்த சாந்து, கைப்பிடிச்சுவர் அடியில் வேர்விட்ட அரசங்கன்று.

வீட்டுக்காரர்: அரசை வெட்டினா பாவம். நுனியைக் கிள்ளிவிட்டாப் போதும்.

கொத்தனார்: கிள்ளக் கிள்ள வேர்தான் தடிக்கும், தளம் வெடிக்கும். வேரோட எடுத்துக் குளத்தங்கரையில வையுங்க, புண்ணியமாப் போகும்.

வீட்டுக்காரர்: மேலே ரெண்டு அங்குலம் சிமெண்ட் போட்டு மூடிடலாமே?

கொத்தனார்: இது மெட்ராஸ் டெரஸ் சார். தேக்கு உத்தரம், செங்குத்தா அடுக்கின சின்னச் செங்கல், கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணி தெளிச்சுக் கட்டையால அடிச்ச சுண்ணாம்பு ஜல்லி. ஈரத்தை இழுத்தாலும் வெயில்ல விட்டுடும். சிமெண்ட் மூடினா ஈரம் உள்ளேயே நின்னு உத்தரம் உளுத்துடும். பாரமும் கூடும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான்.

வீட்டுக்காரர்: பின்கட்டு கான்கிரீட்டாச்சே?

கொத்தனார்: அங்கே கம்பி துருப்பிடிச்சுப் பெருத்து, காரையைத் தள்ளுது. தளர்ந்ததைக் கொத்தி எடுத்து, துருவைத் தேய்ச்சு, துருத்தடுப்பு பூசி, பாலிமர் கலவை அடைக்கணும். கம்பி இளைச்சிருந்தா இன்ஜினியரைக் கூப்பிடுங்க. மேலே தட்டோடு பதிக்கையில 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம் வேணும்.

வீட்டுக்காரர்: இவ்வளவு செலவா? ஃபால்ஸ் சீலிங் போட்டா கறையே தெரியாது.

கொத்தனார்: தெரியாதுதான். விழும்போதுதான் தெரியும்.

மழைக்காலத்தில் அடைப்பு எடுப்பதும் தார்ப்பாய் விரிப்பதும் போதும். தை, மாசி வெயிலில் வேர், வாட்டம், தட்டோடு என மேல்வேலை முடிய வேண்டும்; பிறகு சீலிங் பூச்சு; அது நன்றாகக் காய்ந்தபின் பெயிண்ட். பெயிண்ட் கடைசி வேலை. அதை முதல் வேலையாக்கும் வீட்டில், ஒவ்வொரு தீபாவளிக்கும் அதுவே முதல் வேலையாக இருக்கும்.