இரவு வகுப்பில் ஸ்பானியம்

கேள்வி: மாட்ரிட் ஆசிரியரிடம் இணையவழியே ஸ்பானியம் பயில்கிறேன், பேசிப் பழக அயலில் ஒருவருமில்லை. வித்தை கைகூடுமா?
– மாணவி ஒருவர், ஜெயபுரம்

பதில்: நிச்சயம் கைகூடும், தங்கச்சி! இன்றைய ஸ்பெயினின் நவாராவிலே பிறந்து, 1542-இல் முத்துக்குளித்துறை வந்திறங்கிய சவேரியார், அகராதியோ பாடப்புத்தகமோ இல்லாத அக்காலத்தில், தமிழ்ச் செபங்களை மனனம் செய்தே பரதவர்க்குப் போதித்தார் என்பது சரித்திரம். உங்களுக்கோ தாய்மொழியே சகாயம்: நம் தமிழைப் போலவே ஸ்பானியத்திலும் வினையின் விகுதியே பேசுபவர் யாரென்று உணர்த்திவிடுவதால், எழுவாயை விடுத்துப் பேசும் பழக்கம் உங்களுக்குப் பிதிரார்ஜிதம். பகை நித்திரை ஒன்றே. மாட்ரிட்டின் மாலை ஆறு மணி, குளிர்காலத்தில் நமக்கு இரவு பத்தரை. வகுப்பு முடிந்ததும் கற்ற வாக்கியங்களை உரக்கச் சொல்லுங்கள். வீட்டார் விழித்துக்கொண்டால், பேசிப் பழக ஆள் கிடைத்தாயிற்று!